வத்தலக்குண்டு தந்த பத்திரிகையாளர்

நம் திண்டுக்கல் சீமையின் வத்தலக்குண்டில் 1884-ல் பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யோடு மேடையேறி முழங்கினார். கூலி உயர்ந்தது, சிவா சிறை புகுந்தார்.

1912-ல் வெளியே வந்தார், தொழுநோயோடு! ஓய்ந்தாரா? இல்லை, பத்திரிகை தொடங்கினார்.

அது எப்படிப்பட்ட காலம் தோழர்களே! உலகச் செய்திகளை லண்டன் ராய்ட்டர், பாரிஸ் ஆவாஸ், பெர்லின் உல்ஃப் என்ற மூன்று நிறுவனங்கள் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. இங்கோ, 1910-ம் ஆண்டு அச்சுச் சட்டம் ஜாமீன் தொகை கேட்டு ஏழைப் பத்திரிகைகளின் கழுத்தை நெரித்தது. அந்த நெருக்கடியில்தான் 1913-ல் 'ஞானபானு' பிறந்தது. புதுவையில் முடங்கிக் கிடந்த பாரதியாரின் 'சின்னச் சங்கரன் கதை' அதில்தான் வந்தது.

இன்று ஜாமீன் கேட்பாரில்லை, பணமூட்டை பேசுகிறது. 2014-ல் நெட்வொர்க் 18 அம்பானியிடம் போயிற்று, 2022-ல் என்.டி.டி.வி. அதானியிடம். திண்டுக்கல் நூற்பாலையில் நாளை கதவடைப்பு என்றால் அந்தத் திரைகளில் நமக்கு எத்தனை நொடி கிடைக்கும்?

நோயைக் காட்டிச் சிவாவை ரயிலேற விடாமல் தடுத்தது வெள்ளை அரசு. கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்று பேசினார். 1925-ல் பாப்பாரப்பட்டியில் மறைந்தபோது அவருக்கு வயது 40.