பிணம் புதைக்கும் வண்டுக்கு அவ்வளவு மூளையா? சோதித்துப் பார்த்த ஃபாப்ரே!

எலியோ, சின்னப் பறவையோ செத்துக் கிடந்தா, வாசனை பிடித்துப் பறந்து வரும் ஒரு வண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து அடியில் இருக்கும் மண்ணைத் தோண்டி, உடலை மெல்ல உள்ளே இறக்கிவிடும். பிறக்கப்போகும் புழுக்களுக்கு அதுதான் சாப்பாடு.

இந்த வண்டு பற்றி ஐரோப்பாவில் 2 கதைகள் சுற்றின. மண் கெட்டியா இருந்தா, போய் ஆள் கூட்டிட்டு வரும் என்பது ஒன்று. குச்சி உச்சியில் வைத்த தேரையை எடுக்க, குச்சியின் அடியைத் தோண்டிச் சாய்த்தது என்பது இன்னொன்று. இரண்டும் புத்தகங்களிலேயே ஏறிவிட்டன. அதை அப்படியே நம்பாதவர் ஜீன் ஹென்றி ஃபாப்ரே.

யார் இவர்?

1823-ல் தெற்கு பிரான்ஸில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். குறைந்த சம்பளத்தில் பள்ளி ஆசிரியர் வேலை. பெண்களும் வந்த அறிவியல் வகுப்பில் பூக்களின் மகரந்தச் சேர்க்கையை விளக்கியதற்கு எதிர்ப்பு கிளம்ப, வேலையை விட வேண்டியதாச்சு. குடியிருந்த வீடும் போச்சு. தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் கடன் கொடுத்துக் கைகொடுத்தார். பாடப்புத்தகங்கள் எழுதிப் பிழைத்த ஃபாப்ரே, 1879-ல், 55 வயதில், செரிஞான் கிராமத்தில் தரிசு நிலத்தோடு ஒரு வீடு வாங்கினார். அதுதான் அவரோட ஆய்வுக்கூடம்.

அங்கே என்ன செய்தார்?

செத்த எலிகளைக் குச்சியில் கட்டி, வண்டுகளை விட்டுப் பார்த்தார். நாரால் கட்டியிருந்தா கடித்து அறுத்தன. மண்ணுக்குள் புல் வேர் குறுக்கிட்டாலும் அவை அதைத்தான் செய்யும். ஆனா, உடல் மண்ணைத் தொடும் இடம் குச்சியின் அடியை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தா? உடலுக்குக் கீழேதான் தோண்டின; குச்சியைத் தொடவே இல்லை. ஆள் கூட்டி வந்த கதையும் நிற்கவில்லை. கூடுதலா வந்த வண்டுகள் வாசனை பிடித்து வந்தவைதான். யோசித்துச் செய்வது போலத் தெரிந்தது எல்லாம், பிறவியிலேயே வந்த பழக்கம்.

அவருக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. தன் கூர்மையான கவனிப்பைப் பாராட்டிய டார்வினின் பரிணாமக் கொள்கையை ஃபாப்ரே கடைசி வரை ஏற்கவில்லை. அந்த விஷயத்தில் அறிவியல் டார்வின் பக்கம்தான் நின்றது.

1915-ல், 91 வயதில் மறைந்தார். அவர் வீடு இப்போ அருங்காட்சியகம். பூச்சிகள் பற்றி அவர் எழுதிய 10 தொகுதிகளை இன்றும் வாசிக்கிறார்கள். கேட்க எவ்வளவு அழகான கதையா இருந்தாலும், ஒருமுறை சோதித்துப் பார்க்கணும் என்பதுதான் அவர் விட்டுப்போன பாடம்.