சூரியன் பூமியை எவ்வளவு பலமா இழுக்குது? கொடைக்கானல் மலையில் விடை தேடிய ஜான் எவர்ஷெட்

திண்டுக்கல் பக்கம் அகரத்தில் நீங்க அசையாம நின்னாலும், பூமியோடு சேர்ந்து நொடிக்கு சுமார் 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுத்திக்கிட்டுதான் இருக்கீங்க. சூரியனின் ஈர்ப்பு இல்லைன்னா, பூமி நேர்கோட்டில் எங்கேயோ போயிடும். அந்த ஈர்ப்பு எவ்வளவு? அது ஒளியையும் பாதிக்குமா? இரண்டாவது கேள்வியோடு, இதே மாவட்டத்தின் கொடைக்கானல் மலையில் பல வருஷம் மல்லுக்கட்டியவர் ஜான் எவர்ஷெட்.

முதல்ல கணக்கு

சூத்திரம் சிம்பிள்: வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். 30,000 மீட்டரின் வர்க்கம் 90 கோடி. சூரியன் இருக்கும் தூரம் சுமார் 15 கோடி கி.மீ., அதாவது 15,000 கோடி மீட்டர். வகுத்தால் 0.006. பூமியின் தரையில் நம்மை இழுக்கும 9.8 என்ற அளவில் இது சுமார் 1,600-ல் ஒரு பங்குதான். ஒரு நொடியில் 30 கி.மீ. முன்னே ஓடும் பூமி, சூரியனை நோக்கி வெறும் 3 மி.மீ. விழுகிறது. அந்த 3 மி.மீ. தான் பூமியின் பாதையை வளைத்து வருஷம் முழுக்கச் சுற்ற வைக்கிறது.

கிட்டப் போகப் போக இந்த இழுவை எகிறும். சூரியனின் மேற்பரப்பில் அது 274. பூமியில் இருப்பதைப்போல 28 மடங்கு. அங்கிருந்து கிளம்பும் ஒளி இந்த இழுவையை மீறி வரும்போது கொஞ்சம் ஆற்றலை இழக்கும், அதன் நிறம் மிக லேசாகச் சிவப்புப் பக்கம் நகரும் என்று 1911-ல் கணித்தார் ஐன்ஸ்டைன்.

யார் இந்த எவர்ஷெட்?

1864-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். பிழைப்புக்கு வேதியியல் வேலை, ஓய்வு நேரத்தில் சூரியன். 1906-ல் திருமணம். மனைவி மேரியும் வானியல் ஆர்வலர். சூரிய ஆய்வில் கூடவே உழைத்தவர். 1907-ல் இருவரும் கொடைக்கானல் வந்தார்கள். அப்போது அந்த ஆய்வகம் தொடங்கி சில வருஷங்களே ஆகியிருந்தன.

1909 ஜனவரியில் அவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு சூறாவளி மாதிரி சுழலும் என்று பலர் நினைத்த நேரம். எவர்ஷெட் பார்த்தது வேறு: வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடியது. இன்றும் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றுதான் பெயர். 1911-ல் ஆய்வக இயக்குநர் ஆனார்.

கையில் எண், காரணம் எங்கே?

சூரிய ஒளியின் நிறமாலைக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதை எவர்ஷெட் ஏற்கெனவே அளந்துகொண்டிருந்தார். ஆனால், காரணம் வாயுவின் ஓட்டம்தான் என்று நினைத்தார். சிக்கல் சூரியனின் விளிம்பில் வந்தது. அங்கே மேலும் கீழும் போகும் வாயு நம்மைப் பார்த்தும் வராது, விலகியும் போகாது. ஆனாலும் நகர்வு அங்கேதான் அதிகம். அப்படியென்றால் விளிம்பு முழுக்க வாயு பூமியை விட்டு ஓடுகிறதா? அப்படியும் இருக்கலாம் என்று சந்தேகித்தார் அவர். சூரியனின் வாயுவை பூமி தள்ளிவிடுகிறது என்ற இந்த யோசனை 'பூமி விளைவு' எனப்பட்டது.

யோசனை விநோதம், ஆனா அதைச் சோதிக்க அவர் பிடித்த வழி அழகு. பூமிக்குத் தெரியாத சூரியனின் மறுபக்க ஒளி வெள்ளிக் கிரகத்தில் பட்டுத் திரும்பும். அதை அளந்தால் விடை தெரியும். ஆனால் அந்த அளவீட்டில் கருவியாலும் காற்று மண்டலத்தாலும் பிழைகள் நுழையலாம் என்பது போகப் போகத் தெரிந்தது.

1922 செப்டம்பர் கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் இன்னொரு கணிப்பைச் சோதிக்க ஆஸ்திரேலியாவின் வாலல் வரை போனார். கருவிக் கோளாறால் அவர் குழுவுக்கு முடிவு கிடைக்கவில்லை. அதே இடத்தில் முகாமிட்ட அமெரிக்கக் குழு ஐன்ஸ்டைனுக்கு ஆதரவான முடிவோடு திரும்பியது.

தன் யோசனையைக் கட்டிக்கொண்டு எவர்ஷெட் அழவில்லை. 1920-களில் ஈர்ப்பின் பங்கை ஏற்றுக்கொண்டார். சூரியனின் நடுப்பகுதியில் மேலே எழும் சூடான வாயு அந்த நகர்வில் ஒரு பங்கை மறைத்துவிடுகிறது. விளிம்பில் அந்த மறைப்பு குறைவு. அதனால்தான் அங்கே நகர்வு கூடுதலாகத் தெரிந்தது. ஆக, அவர் அளந்தது சரி. ஈர்ப்பு, ஓட்டம் இரண்டும் கலந்திருந்ததுதான் குழப்பம்.

இன்னைக்கு இது எதுக்கு?

1923-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியவர், வீட்டிலேயே ஆய்வகம் கட்டி சூரியனைத் தொடர்ந்து பார்த்தார். 1956-ல் மறைந்தார்.

1995-ல் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகம் பிடிபட்டதும் இப்படி நிறமாலைக் கோடுகளின் நகர்வை வைத்துத்தான். நட்சத்திரம் கிரகத்தை இழுக்கும்போது கிரகமும் நட்சத்திரத்தை இழுக்கும்; அதில் நட்சத்திரம் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டுமென்றால், நட்சத்திரத்தின் வாயு ஓட்டத்தால் வரும் நகர்வை அதிலிருந்து பிரித்தாக வேண்டும். கொடைக்கானலில் எவர்ஷெட்டைத் திணறடித்தது போன்ற கணக்கை, வேறு கிரகங்களைத் தேடுகிறவர்கள் இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.