செடிகளின் டாக்டர் ஆன்டன் டி பாரி



போன மழைக்காலத்தில் எங்க வீட்டு வாசலில் ஒரு பழைய வாளியில் மண் போட்டு சாமந்தி விதை தூவினேன். நல்லா முளைத்தது. ஒரு வாரத்தில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோர்த்த மாதிரி ஆகி, நூல் போல மெலிந்து, எல்லா நாற்றும் சாய்ந்துவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியேதான். எனக்குக் கைராசி இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் வெண்டை விதை ஊன்றக்கூட என்னை விடவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அது நாற்றழுகல் நோய் என்று சொல்லி, ஒருவரைப் பற்றிப் படிக்கச் சொன்னார். அவர்தான் ஆன்டன் டி பாரி.

இவர் 1831 ஜனவரி 26 அன்று ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் பிறந்தார். அப்பா டாக்டர். வீட்டில் பத்துப் பிள்ளைகள். சின்ன வயதிலேயே செடி சேகரிக்கப் போகிறவர்களோடு சேர்ந்து காடு மேடெல்லாம் சுற்றினார். அப்பாவைப் போலவே டாக்டருக்குப் படித்து 1853-ல் பட்டம் வாங்கினார். ஆனால் அதே வருடம் அவர் எழுதிய புத்தகம் பயிர்களில் வரும் பூஞ்சைகளைப் பற்றியது! அப்போது அவருக்கு வயது 22. கொஞ்ச காலம்தான் வைத்தியம் பார்த்தார். பிறகு தாவரவியல் ஆசிரியராகிவிட்டார்.

அந்தக் காலத்தில் ஒரு பெரிய கேள்வி இருந்தது. 1845-ல் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குச் செடிகள் திடீரென்று கறுத்து அழுகின. ஏழைகளுக்கு அதுதான் சாப்பாடு. அடுத்தடுத்த வருடங்களில் பஞ்சத்தாலும் நோயாலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் பல லட்சம் பேர் கப்பலேறி வேறு நாடு போனார்கள். மழைதான் காரணம் என்றார்கள் சிலர். கடவுளின் தண்டனை என்றார்கள் வேறு சிலர். பெர்க்லி என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1846-ல் பூஞ்சைதான் காரணம் என்று எழுதினார். ஆனால் செடி அழுகிய பிறகுதான் பூஞ்சை வருகிறது என்று பலர் அவரை நம்பவில்லை.

எது முதலில் வந்தது? டி பாரி இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். நல்ல உருளைக்கிழங்குச் செடிகளில் சிலவற்றின் மேல் அந்த நோயின் வித்துகளை வைத்தார். சிலவற்றின் மேல் வைக்கவில்லை. வைத்த செடிகளுக்கு நோய் வந்தது, வைக்காதவை நன்றாக இருந்தன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது இன்னொரு அதிசயம்! ஒரு சொட்டுத் தண்ணீரில் வித்துப்பை திறந்து, வாலுள்ள குட்டி உயிர்கள் வெளியே வந்து நீந்தின. கொஞ்ச நேரத்தில் நின்று, முளைவிட்டு, இலைக்குள் நுழைந்தன. இதையெல்லாம் 1861-ல் வெளியிட்டார். 1876-ல் அந்தக் கிருமிக்கு பைட்டாப்தோரா என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் செடியை அழிப்பது என்று அர்த்தம்.

இவற்றை நீர்ப்பூஞ்சை என்கிறோம். பெயர்தான் பூஞ்சை. உண்மையான பூஞ்சை இல்லை, கடலில் வளரும் பழுப்புப் பாசிக்குத்தான் உறவு என்று இன்றைய விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். ரோஜா, சாமந்தி, கள்ளி என்று அழகுக்கு வளர்க்கும் செடிகளின் வேரையும் தண்டையும் அழுக வைப்பதில் இந்தக் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மண்ணில் தண்ணீர் தேங்கினால் நீந்திப் போய் வேரைப் பிடித்துக்கொள்ளும். நாற்றைச் சாய்க்கும் ஒரு வகைக்கு 1874-ல் ஹெஸ்ஸே என்பவர் பித்தியம் டிபாரியானம் என்று டி பாரியின் பெயரையே வைத்தார்!

1865-ல் கோதுமைத் துரு நோய் இரண்டு வகைச் செடிகளில் மாறி மாறி வாழ்வதையும் டி பாரி காட்டினார். 1872 முதல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பல நாட்டு மாணவர்கள் அவரைத் தேடி வந்து படித்தார்கள். 1888 ஜனவரி 19 அன்று, 57 வயது நிறைவதற்கு ஒரு வாரம் முன்பு, காலமானார்.

இதைப் படித்ததும் என் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஓட்டையே இல்லை! மழையும் பெய்ய, நான் காலையும் மாலையும் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறேன். இரண்டாவது தடவை அதே மண்ணிலேயே விதைத்தும் இருக்கிறேன். தப்பு என் கையில் இருந்தது நிஜம்தான். ஆனால் ராசியில் இல்லை. ஓட்டை போட்டு, புது மண் நிரப்பி, விதையை நெருக்காமல் தூவி, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விட்டேன். இந்தத் தடவை 17 நாற்று நிற்கிறது. இப்போது வெண்டை விதையும் என் கையில்தான்.

தோழிகளே, தோழர்களே! செடி செத்தால் ராசியைத் திட்டாதீர்கள். வேரைப் பிடுங்கிப் பாருங்கள். டி பாரி அப்படித்தான் பார்த்தார்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி