துர்காவைத் தந்த டாக்டர்



நான் தினமும் ஒத்தக்கடையிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். வழியில் கருத்தரிப்பு மையம் என்று போர்டு பார்த்திருப்பீர்கள். எங்க அத்தை எட்டு வருசம் கோயில் கோயிலாப் போய்த் தொட்டில் கட்டினாங்க. வளைகாப்பு வீட்டுக்குப் போனா, முன்னால வர விடமாட்டாங்க. பிறகு இப்படி ஒரு மையத்தில் வைத்தியம் பார்த்து, இப்போ வீட்டில் பாப்பா தவழுது. இந்த வைத்தியத்தை இந்தியாவில் முதன்முதலில் செய்து காட்டியவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய்.

இவர் 1931 ஜனவரி 16-ல் ஹசாரிபாக்கில் பிறந்தார். கல்கத்தாவில் மருத்துவம் படித்தார். கல்கத்தா, எடின்பரோ என இரண்டு பல்கலைக்கழகங்களில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்தாள். சரியாக 70 நாள் கழித்து, அக்டோபர் 3-ல் கல்கத்தாவில் துர்கா பிறந்தாள். தாய்க்குக் கருக்குழாய் அடைப்பு. முகோபாத்யாய் ஹார்மோன் ஊசி போட்டுப் பல கருமுட்டைகளை வளரவைத்தார். அவற்றை வெளியே எடுத்து விந்தணுவோடு சேர்த்தார். உருவான கருவை 53 நாள் உறையவைத்து, பிறகு கருப்பையில் வைத்தார். லூயிஸுக்குக் கருவை உறையவைக்கவே இல்லை. இன்று உலகம் முழுக்க இந்த இரண்டு முறைகளும் சாதாரணமாகிவிட்டன!

ஆனால் அன்று யாரும் நம்பல. மாநில அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. அதன் தலைவர் ரேடியோ இயற்பியல் படித்தவர். இவர் சொன்னதெல்லாம் பொய் என்று குழு முடிவு கட்டியது. ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தும் போக அனுமதி கொடுக்கல. 1981-ல், ஹார்மோன் ஆராய்ச்சி செய்த மனுசனைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். மனம் உடைந்த அவர் அந்த ஆண்டு ஜூன் 19-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஏன்னா, உண்மை வெளியே வந்தது. 1986-ல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று எல்லோரும் படித்தார்கள். அந்தச் சாதனையில் பங்குள்ள விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார், 1997-ல் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். முதல் இடம் எனக்கல்ல, அவருக்குத்தான் என்று தானே எழுதி வெளியிட்டார். தன் பெருமையைத் தானே விட்டுக்கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்!

நண்பர்களே, ரெக்கார்டு நோட்டு எழுதச் சொன்னா நாம சலிச்சுக்கிறோம். அவரைக் காப்பாற்றாத உலகத்தில், அவர் பெயரைக் காப்பாற்றியது அவர் எழுதிவைத்த நோட்டுதான். செய்ததை அன்றன்றே எழுதுவோம். அடுத்தவன் புதுசா ஒண்ணு சொன்னா, சிரிக்கறதுக்கு முன்னாடி அவன் நோட்டைக் கொஞ்சம் படிப்போம்!

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி