ஜேம்ஸ் வாட்: கூலிக்கு அளந்தவர், கம்பெனி கட்டியவர்

நம்ம ஹாஸ்டல் பின்பக்கம் இருக்கிற தண்ணி மோட்டாரைப் பாத்திருப்பீங்க. அதன் தகட்டில் ஹெச்.பி. என்று ஒரு எண் போட்டிருக்கும். ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட் என்று ஃபர்ஸ்ட் இயர்லேயே மனப்பாடம் பண்ணிட்டோம். ஆனா இந்த அளவு எதுக்காகப் பிறந்தது தெரியுமா? வாடிக்கையாளருக்கு பில் போடுறதுக்காக!

இதைத் தேடிப் படிக்க வைத்தவன் என் ரூம்மேட். பக்கத்து லேத் பட்டறைகளுக்கு கேட் டிராயிங் போட்டுக் கொடுப்பான். ஒரு டிராயிங்குக்கு இவ்வளவு என்று கணக்கு. செமஸ்டர் எக்ஸாம் வந்த மாசம் வருமானம் பூஜ்யம். இதையே ஒரு தொழிலா மாத்திடலாமா, இல்ல பேசாம பிளேஸ்மென்ட்டுக்குப் படிக்கலாமா என்று ஒரு ராத்திரி டீக்கடையில் பேச்சு வந்தது. அப்போது எனக்கு ஞாபகம் வந்தவர் ஜேம்ஸ் வாட். கெட்டில் மூடி துள்ளுவதைப் பார்த்து நீராவி இன்ஜினைக் கண்டுபிடித்தார் என்ற ஸ்கூல் கதையை மறந்துடுங்க. நீராவி இன்ஜின் அவர் பிறக்கும் முன்பே இருந்தது. அவர் வாழ்க்கையில் நமக்கு வேண்டிய விஷயம் வேற.

ஒரு வருஷப் பயிற்சி, ஒரு சின்னக் கடை

1736 ஜனவரி 19-ல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார் வாட். அப்பா கப்பல் கட்டும் வேலை தெரிந்தவர், கப்பல் சாமான் வியாபாரியும்கூட. ஒரு கட்டத்தில் வியாபாரம் நொடித்தது. 1753-ல் அம்மாவும் போய்விட்டார். பையன் கைத்தொழில் ஒன்றைப் பிடித்தாக வேண்டிய நிலை.

திசைகாட்டி, அளவுகோல், குவாட்ரன்ட் மாதிரி நுண்கருவிகள் செய்யக் கற்றுக்கொள்ள 1755-ல் லண்டன் போனார். அந்தத் தொழிலில் ஏழு வருஷம் பயிற்சி எடுப்பதுதான் முறை. இவரோ 20 கினி கட்டி, ஒரே வருஷத்தில் கற்றுக்கொள்ள ஒரு கருவிக்காரரிடம் சேர்ந்தார். ராத்திரி பகல் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு 1756-ல் ஊர் திரும்பினார்.

அப்போது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு ஜமைக்காவிலிருந்து கப்பலில் வானியல் கருவிகள் வந்திருந்தன. அவற்றைச் சுத்தம் செய்து சீராக்கும் வேலை வாட்டுக்குக் கிடைத்தது. கூலி 5 பவுண்டு. இன்றைய பேச்சில் சொன்னால், அது ஒரு ஃப்ரீலான்ஸ் வேலை. வேலை சுத்தமாக இருந்ததால், 1757-ல் வளாகத்துக்குள்ளேயே ஒரு பட்டறை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள்.

1759-ல் ஜான் கிரெய்க் என்பவர் பார்ட்னராகச் சேர்ந்தார். அவர் முதலும் கணக்கும் பார்த்தார், வாட் பட்டறை பார்த்தார். இசைக்கருவி, பொம்மை என்று எது விற்றாலும் செய்தார்கள். சில வருஷத்தில் சுமார் 16 பேர் வேலை செய்யும் கடையாக அது வளர்ந்தது. ஆனா 1765-ல் கிரெய்க் இறந்துவிட்டார். அவர் பங்கை வாரிசுகளுக்குத் திருப்பித் தரும் சுமை வாட் தலையில் விழுந்தது.

ஐடியா வந்தது, காசு வரலை

இதற்கு நடுவில்தான் அந்தப் பிரபலமான ரிப்பேர் வேலை. 1763-64 குளிர்காலத்தில், பேராசிரியர் ஜான் ஆண்டர்சன் வகுப்பில் காட்டும் நியூகோமன் இன்ஜின் மாடல் ஒன்று பட்டறைக்கு வந்தது. நாலு தடவை ஆடும், நின்றுவிடும்.

நியூகோமன் இன்ஜினில் சிலிண்டரை நீராவியால் நிரப்பி, உள்ளேயே குளிர்ந்த தண்ணியைப் பீச்சுவார்கள். நீராவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். கோளாறு என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் சுவரும் சேர்ந்து குளிர்ந்துவிடும். அடுத்த சுற்றில் உள்ளே வரும் நீராவியில் பெரும்பகுதி அந்தச் சுவரைச் சூடாக்கவே செலவாகிவிடும். நிலக்கரி வீண்.

1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தபோது வாட்டுக்கு வழி பிடிபட்டது. நீராவியைத் தனியாக வேறொரு பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிர வைத்தால், சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும். தெர்மல் பாடத்தில் நாம் படிக்கும் கண்டென்சர் அதுதான்.

ஐடியா ஒரு நாளில் வந்தது. அதை ஓடவைக்கும் நிஜ இன்ஜினுக்குப் பத்து வருஷம் ஆனது. பெரிய சிலிண்டரைத் துல்லியமாகக் கடைய அங்கே ஆள் இல்லை. கந்தல், காகிதம், தக்கை, சாணி என்று எதை வைத்து அடைத்தாலும் பிஸ்டன் ஓரத்தில் நீராவி கசிந்தது. செலவுக்கு பேராசிரியர் ஜோசப் பிளாக் கடன் கொடுத்தார். பிறகு கேரன் இரும்பாலையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் ரோபக் வந்தார். வாட்டின் சுமார் 1000 பவுண்டு கடனை ஏற்றுக்கொண்டு, கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டார். 1769 ஜனவரியில் பேட்டன்ட் கிடைத்தது. கையில் பேட்டன்ட் இருந்தது. வீட்டுக்கு அரிசி வாங்க அது உதவலை.

எட்டு வருஷம் கால்வாய்

1764-ல் மார்கரெட் மில்லரைக் கல்யாணம் செய்திருந்தார். குழந்தைகள் வந்தார்கள். கடைக்காரராக இருந்தவர் இப்போது நில அளவையாளராக மாறினார். அப்போது ஸ்காட்லாந்து முழுக்கக் கால்வாய் வெட்டும் ஆசை. வழியை அளந்து, வரைபடம் போட்டு, செலவு மதிப்பீடு தர ஆள் தேவைப்பட்டது. வேலைக்கு வேலை சம்பளம், ஊர் ஊராக அலைச்சல்.

1770-ல் மங்க்லேண்ட் கால்வாய் வேலையை மேற்பார்வை பார்க்க வருஷம் 200 பவுண்டுக்கு அழைப்பு வந்தது. ஒரு பக்கம் பாதியில் நிற்கும் இன்ஜின், இன்னொரு பக்கம் நிச்சயமான காசு. அவர் கால்வாயைத் தேர்ந்தெடுத்தார். இதில் கேவலம் எதுவும் இல்லை. மனைவி குழந்தைகளுக்குச் சோறு போட்டது அந்த வேலைதான். ஆனா அதற்கு ஒரு விலை இருந்தது. அவர் நடந்தால்தான் காசு, நின்றால் நின்றுவிடும். இன்ஜின் துருப்பிடித்தது. 14 வருஷ பேட்டன்ட்டில் வருஷங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தன.

1773 இலையுதிர் காலத்தில் வடக்கே மலைப்பகுதியில் ஒரு கால்வாய்க்காக அளந்துகொண்டிருந்தார். அங்கே அவருக்குச் செய்தி வந்தது. மார்கரெட்டின் நிலைமை பிரசவத்தில் மோசம். மழையிலும் மோசமான பாதையிலும் வீடு வந்து சேர்ந்தபோது மார்கரெட் இறந்துவிட்டிருந்தார்.

அதே வருஷம் ரோபக்கும் திவாலானார்.

மூன்றில் ஒரு பங்கு

பர்மிங்காம் பக்கத்தில் சோஹோ என்ற தொழிற்சாலையை நடத்திவந்தவர் மேத்யூ போல்டன். பட்டன், பக்கிள், வெள்ளிச் சாமான் என்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்களை வைத்துத் தயாரித்தார். 1768-லேயே வாட்டைச் சந்தித்து இன்ஜின்மேல் கண் வைத்திருந்தார். மூன்று மாவட்டங்களில் மட்டும் செய்துகொள்ள உரிமை தருகிறேன் என்று ரோபக் சொன்னபோது, அவ்வளவு சின்ன அளவில் செய்வதில் அர்த்தமில்லை என்று மறுத்தவர். இப்போது ரோபக் தனக்குத் தரவேண்டிய 1200 பவுண்டு கடனுக்குப் பதிலாக அந்த மூன்றில் இரண்டு பங்கை வாங்கிக்கொண்டார். மற்ற கடன்காரர்கள் யாரும் அதைச் சல்லிக்காசுக்கு மதிக்கவில்லை.

1774-ல் வாட் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்தார். போல்டன் முதலில் செய்த காரியம் இன்ஜின் செய்வது இல்லை, காலம் வாங்குவது. பாதி ஆயுள் தீர்ந்த பேட்டன்ட்டை நம்பி முதலீடு செய்ய முடியாது. 1775-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் பேட்டன்ட் 1800 வரை நீட்டிக்கப்பட்டது. அதே 25 வருஷத்துக்கு பார்ட்னர்ஷிப் ஒப்பந்தம். போல்டனுக்கு மூன்றில் இரண்டு, வாட்டுக்கு மூன்றில் ஒன்று. செலவெல்லாம் போல்டன் தலையில்.

சொந்தக் கண்டுபிடிப்பில் மூன்றில் ஒரு பங்குதானா என்று நமக்குத் தோணும். ஆனா வாட்டுக்குப் பேரம் பேசுவதென்றாலே வயிற்றைக் கலக்கும். கணக்குத் தீர்ப்பது, ஆளிடம் காசு கேட்பது எல்லாம் அவருக்குத் தண்டனை. அதை ரசித்துச் செய்யும் ஒருவர் கிடைத்தார். முழுசாகத் தன்னிடம் வைத்திருந்த வருஷங்களில் அந்த இன்ஜின் ஒரு வீட்டைக்கூட நடத்தவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்க.

சிலிண்டர் பிரச்சினையைத் தீர்த்தவர் மூன்றாவது ஆள். பீரங்கிக் குழாய் கடைய ஒரு இயந்திரம் செய்திருந்த ஜான் வில்கின்சன். 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரை, ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன் அளவுகூடப் பிசகாமல் கடைந்து கொடுத்தார். 1776 மார்ச்சில் டிப்டன் பக்கம் புளூம்ஃபீல்ட் சுரங்கத்தில் அந்த இன்ஜின் ஓடியது.

பில் எப்படிப் போட்டாங்க?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஆரம்ப வருஷங்களில் போல்டன் அண்டு வாட் கம்பெனி முழு இன்ஜினை விற்கவே இல்லை. சிலிண்டரை வாங்குபவரே வில்கின்சனிடம் வாங்கிக்கொள்வார். கட்டடம், மரம், மற்ற இரும்பு எல்லாம் அவர் செலவு. கம்பெனி கொடுத்தது வரைபடம், வால்வு மாதிரி நுணுக்கமான பாகங்கள், பூட்டிக் கொடுக்க ஒரு ஆள். பெரிய ஃபேக்டரி இல்லாமலே தொழில் நடந்தது.

கட்டணம்? பழைய நியூகோமன் இன்ஜினோடு ஒப்பிட்டு மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு, வருஷா வருஷம். ஒரு உதாரணம் பாப்போம். பழைய இன்ஜின் மாசம் 90 டன் தின்றது, புதுசு 30 டன். மிச்சம் 60. அதில் 20 டன்னின் விலை கம்பெனிக்கு, 40 டன்னின் விலை சுரங்கக்காரருக்கே. வாங்குபவர் நஷ்டப்பட வழியில்லை. நிலக்கரியை வெளியிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கார்ன்வால் தாமிரச் சுரங்கங்கள் இதனால்தான் வரிசையில் நின்றன. இன்ஜின் எத்தனை தடவை ஆடியது என்று எண்ண ஒரு எண்ணி. அதற்குப் பூட்டு, சாவி கம்பெனியிடம். வாட் தூங்கினாலும் எண்ணி ஓடும்.

கால்வாய் வேலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான். முன்பு அவர் விற்றது தன் நாட்களை. இப்போது விற்றது, ஒரு தடவை செய்து முடித்த வேலையின் பலனை.

1780-களில் ஆலைகளைச் சுழற்றும் இன்ஜின்கள் வந்தபோது புதுச் சிக்கல். ஆலைக்காரர் அதுவரை குதிரையை வைத்துச் சுழற்றியவர். அவரிடம் பழைய நிலக்கரிக் கணக்கே இல்லை. எதோடு ஒப்பிடுவது? குதிரையோடுதான். ஒரு குதிரை நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று வாட் ஒரு அளவு வைத்தார். ஒரு குதிரைத்திறனுக்கு வருஷம் 5 பவுண்டு, லண்டனில் 6. நம்ம மோட்டார் தகட்டில் இருப்பது அந்த விலைப்பட்டியலின் மிச்சம்.

கணக்குப் புத்தகமும் கோர்ட்டும்

இதோடு சுகமாகிவிட்டது என்று நினைக்காதீங்க. 1780-களின் முதல் பாதி வரை கம்பெனி கடனில்தான் ஓடியது. கார்ன்வாலில் மாசக்கணக்கில் தங்கிச் சேற்றிலும் சண்டையிலும் உழன்றார் வாட். அந்தச் சுமையை இறக்கி வைத்தவர் 1777-ல் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் முர்டாக். அவரிடம் கார்ன்வாலை நம்பி ஒப்படைத்தார்கள். கடிதங்களை நகல் எடுத்தே கை ஓய்ந்துபோனதால், அழுத்தி நகல் எடுக்கும் ஒரு இயந்திரத்தையே வாட் செய்து 1780-ல் பேட்டன்ட் வாங்கினார். அதுவும் தனியாக ஒரு வியாபாரமானது.

பாராட்ட முடியாத பக்கமும் உண்டு. நிலக்கரி மிச்சத்தில் பங்கு கொடுத்துக் கொடுத்து கார்ன்வால் சுரங்கக்காரர்கள் கசந்துபோனார்கள். 1790-களில் பலர் பணம் தருவதை நிறுத்தினார்கள். புல், ஹார்ன்பிளோவர் போன்ற இன்ஜினியர்கள்மேல் வழக்குப் போட்டு, 1799-ல் கம்பெனி ஜெயித்தது. மற்றவர்கள் செய்ய முயன்ற முன்னேற்றங்களை அந்த பேட்டன்ட் பல வருஷம் தடுத்தது என்ற குற்றச்சாட்டு இன்றுவரை உண்டு. உயர் அழுத்த நீராவியை வாட் எதிர்த்தார். பேட்டன்ட் முடிந்த பிறகு மற்றவர்கள் அதை வைத்தே முன்னே போனார்கள்.

1796-ல் முழு இன்ஜினையும் தாங்களே செய்ய சோஹோ ஃபவுண்டரியைத் திறந்தார்கள். இடம், ஒரு கால்வாய்க் கரை! 1800-ல் பேட்டன்ட்டும் ஒப்பந்தமும் ஒன்றாக முடிந்தன. அதற்குள் ஏறக்குறைய 500 இன்ஜின்கள். இருவரும் தொழிலைப் பிள்ளைகளிடம் கொடுத்து ஒதுங்கினார்கள். வாட் வீட்டு மாடி அறையில் ஒரு பட்டறை வைத்துக்கொண்டு, சிலைகளை நகலெடுக்கும் இயந்திரம் செய்துகொண்டிருந்தார். யாருக்கும் பில் போட வேண்டியதில்லாத வேலை. 1819 ஆகஸ்ட் 25-ல், 83 வயதில் இறந்தார். பத்து வருஷம் முன்பே போன போல்டன் இருக்கும் அதே ஹாண்ட்ஸ்வொர்த் தேவாலயத்தில் அடக்கம்.

ரூம்மேட்டிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ரெண்டு நாள் கழித்து, இதுவரை போட்ட டிராயிங் எல்லாத்தையும் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தான். பாதிக்கு மேல் ஒரே மாதிரி ஃபிக்ஸ்சர்கள், அளவுதான் வேற. அதை ஒரு செட்டாகப் பண்ணி வைத்தால், எக்ஸாம் மாசத்திலும் கொடுக்கலாம். பட்டறைக்காரர்களிடம் விலை பேச அவனுக்குக் கூச்சம். நம்ம கிளாஸில் வாயால் பிழைக்கிற ஒருத்தன் இருக்கான், அவனைக் கேட்டிருக்கான். பங்கு எவ்வளவு என்பதில்தான் இழுபறி போய்க்கிட்டிருக்கு.