கோயம்புத்தூர் தாயி

கோயம்புத்தூர் தாயி (1872 - 1917) கருநாடக இசைப் பாடகி ஆவார். இவரது இயற்பெயர் பழனிக்குஞ்சரம். தென்னிந்தியாவில் தொடக்க காலத்திலேயே இசைத்தட்டுகளில் பாடிப் புகழ் பெற்றவர்களுள் இவரும் ஒருவர்.

வாழ்க்கைக் குறிப்பு

இசையையும் நடனத்தையும் மரபாகக் கொண்ட தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தார். பின்னர் சென்னையில் வாழ்ந்து புகழ் பெற்றார்.

இசைத்தட்டுகள்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கிராமபோன் நிறுவனத்துக்காகப் பல பாடல்களைப் பதிவு செய்தார். ஒலிவாங்கி இல்லாத காலமாதலால், பாடுவோர் கூம்பு வடிவக் குழலின் முன் உரக்கப் பாட வேண்டியிருந்தது. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிடங்களே அடங்கியதால் பாடல்கள் சுருக்கப்பட்டன. 1908 இல் கல்கத்தாவில் தொழிற்சாலை தொடங்கும் வரை தட்டுகள் பெரும்பாலும் செருமனியின் ஹனோவர் நகரில் அச்சிடப்பட்டன.

மேலைநாட்டில் தாக்கம்

1912 இல் இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ், தாயி பாடிய இராமலிங்க அடிகளின் அருட்பா இசைத்தட்டைத் தழுவி "ராகமாலிகா" என்னும் படைப்பை உருவாக்கினார். இந்தியத் தாளவாத்திய ஒலியை ஒத்திருக்க, அதில் பியானோவின் ஒரு சுரம் மழுங்க ஒலிக்கும்படி செய்தார்.

இசைத்தட்டுச் சேகரிப்பு

அரக்குக் கலவையால் ஆன இத்தட்டுகள் எளிதில் உடைபவை, இன்று அரியவை. பெயர்ச்சீட்டு கிழிந்திருப்பின், அதன் அருகே தட்டில் பொறிக்கப்பட்ட எண்ணைக் கொண்டு பாடலை அடையாளம் காணலாம். இவரது குரலுக்கு இத்தட்டுகளே சான்று. எனவே, படியெடுக்கப்படாத ஒரு தட்டு உடையும்போது ஒரு பாடலே அழிந்துபோகக்கூடும்.