எரிஞ்ச பிளக்கும் ஜேம்ஸ் ஜூலும்



போன லீவில் எங்க அண்ணன் ரிச்சி தெருவிலிருந்து ஒரு செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தான். அம்பத்தூரில் எங்க வீட்டு கம்ப்யூட்டரில் மாட்டி கேம் ஓடவிட்டான். மூணாவது நாள் பிளாஸ்டிக் கருகுற வாசனை! கழட்டிப் பார்த்தால், கார்டுக்கு கரண்ட் கொடுக்கும் பிளக்கில் ஒரு ஓரம் உருகிப் போயிருந்தது. தப்பு அண்ணனுடையதுதான். பிளக்கை முழுசாக அழுத்திச் சொருகவில்லை.

லூஸ் கனெக்‌ஷன்னா சூடு ஏறத்தான் செய்யும் என்றார் அப்பா. ஏன் ஏறணும்னு அறிவியல் சாரிடம் கேட்டேன். ஜூல் வெப்ப விதியைப் போய்ப் படிடா என்று அனுப்பிவிட்டார். விதியைப் படித்தேன். அதைவிட அதைக் கண்டுபிடித்தவரின் கதை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தில், மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்தார். அவருடைய அப்பாவுக்கு பீர் காய்ச்சும் ஆலை இருந்தது. சின்ன வயதில் முதுகெலும்பு பலவீனமாக இருந்ததால் ஜூலுக்கு வீட்டிலேயே படிப்பு. அணுக்கொள்கையைத் தந்த ஜான் டால்டனே அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பாடம் எடுத்தார். ஆனால் ஜூல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை, வேலை பார்க்கவும் இல்லை. ஆலை வேலை போக மிச்ச நேரத்தில் வீட்டிலேயே சோதனை செய்தார்.

நீராவி எஞ்சினை விட மின்மோட்டார்தான் சிறந்தது என்று இளைஞர் ஜூல் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் அளந்தும் பார்த்தார். பேட்டரியில் ஒரு பவுண்டு துத்தநாகம் கரைந்து செய்கிற வேலையைவிட, நல்ல நீராவி எஞ்சினில் ஒரு பவுண்டு நிலக்கரி நான்கு மடங்குக்கு மேல் வேலை செய்தது! துத்தநாகத்தின் விலையோ அதிகம். தன் ஆசைக்கு எதிராக விடை வந்தும் அவர் அதை மறைக்கவில்லை. 1841-ல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

அதே சமயத்தில் கம்பி ஏன் சூடாகிறது என்றும் ஆராய்ந்தார். மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் மின்தடையையும் பெருக்கினால் வெப்பம் எப்படிக் கூடும் என்பது தெரியும் என 1840-ல் கண்டுபிடித்தார். அதாவது மின்னோட்டம் 2 மடங்கானால் வெப்பம் 4 மடங்கு!

1843-ல் கார்க் நகரத்து அறிவியல் மாநாட்டில், வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறும் என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. அவர் விடவில்லை. எடைகள் கீழே இறங்கும்போது தண்ணீருக்குள் துடுப்பு சுற்றும்படி ஒரு கருவி செய்தார். தண்ணீரின் சூடு ஒரு டிகிரியில் சிறு பங்குதான் ஏறும். அதையும் நுட்பமாக அளந்தார். 1847-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் தாம்சன் என்ற இளைஞர் இதன் அருமையைப் புரிந்துகொண்டார். அவர்தான் பின்னாளில் கெல்வின் பிரபு. 1850-ல் ராயல் சொசைட்டி ஜூலை உறுப்பினராக்கியது. 1854-ல் மனைவி இறந்தார். அந்தத் துயரத்துக்குப் பிறகும் ஆய்வை விடாத ஜூல் 1889 அக்டோபர் 11 அன்று காலமானார். அவர் கல்லறையில் 772.55 என்ற எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். அது அவர் அளந்து சொன்ன விடை!

சரி, இதுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. கார்டுக்கு வருவது 12 வோல்ட். ஆனால் உள்ளே இருக்கும் சிப்புக்கு சுமார் 1 வோல்ட்தான் வேணும். 300 வாட் கொடுக்க 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் போதும். 1 வோல்ட்டில் 300 ஆம்பியர் ஆகிவிடும். மின்னோட்டம் 12 மடங்கு என்றால், அதே கம்பியில் வெப்பம் 144 மடங்கு! அதனால்தான் சிப்புக்குப் பக்கத்திலேயே வோல்டேஜைக் குறைக்கிறார்கள். கொரட்டூர் துணைமின் நிலையத்துக்கு 230 கிலோவோல்ட்டில் மின்சாரம் வருவதும் இதே காரணத்துக்காகத்தான். நல்ல கார்டில் மின்னோட்டத்தைப் பல பாதைகளாகப் பிரிக்கிறார்கள். இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதையிலும் வெப்பம் கால் பங்கு, மொத்தத்தில் பாதி. அண்ணனின் பிளக்கில் தொடும் இடம் குறைந்து மின்தடை கூடியது, உருகியது.

எந்தக் கார்டு சிக்கனம் என்பதையும் ஜூல் வழியிலேயே பார்க்கலாம். 1 வாட் என்றால் நொடிக்கு 1 ஜூல். ஒரு கார்டு 120 வாட் எடுத்து நொடிக்கு 60 படம் காட்டுகிறது என்று வையுங்கள். ஒரு படத்துக்கு 2 ஜூல். இன்னொன்று 75 வாட்டில் 50 படம். அப்போ ஒரு படத்துக்கு 1.5 ஜூல்தான். வேகம் முதல் கார்டு, சிக்கனம் இரண்டாவது கார்டு!

இதை அண்ணனிடம் சொன்னேன். தன் கார்டுதான் பெஸ்ட் என்று சண்டை போட்டவன், அளந்து பார்ப்போம்டா என்று சொல்லியிருக்கிறான். நம்ம பக்கம் தோற்றாலும் அளந்ததை அப்படியே சொல்லணும், ஜூல் மாதிரி. நீங்களும் உங்க வீட்டு பிளக்கை இன்னிக்கே ஒரு தடவை சரிபாருங்க நண்பர்களே! ஸ்விட்சை அணைச்சிட்டு!

— 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்